இரும்புக் குதிரையின் கடிவாளம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் அந்தியூருக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் தமிழ்நாடெங்கும் பிரசித்தி பெற்றவை. கத்தியவார் குதிரை, மார்வார் குதிரை என்று வடநாட்டு ஜாதிக் குதிரைகள் ஒரு பக்கம். பழுப்பு நிறத்தில் வெள்ளைத் திட்டுக்கள் படர்ந்த பர்கூர் மலை மாடுகள் ஒரு பக்கம். நிமிர்ந்த திமிலுடன் காங்கேயம் காளைகள் இன்னொரு பக்கம். வாங்க வந்தவர்களைக் காட்டிலும் வேடிக்கை பார்க்கக் குடும்பத்துடன் வந்தவர்களே அதிகம் என்று சொல்லலாம்.

அந்தக் கூட்டத்தில் குதிரை வாங்க வந்த அனுபவசாலி ஒருவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முதலில் பல்லைப் பார்ப்பார். அது வயதை அறிவதற்கு. பிறகு வாயின் இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்ப்பார். அது எதற்கு என்று தெரியுமா? முன்பு ஏறியவன் எப்படிப்பட்டவன் என்று அறிவதற்கு! கடிவாளத்தை எந்நேரமும் இழுத்துப் பிடித்தவன் குதிரையின் வாயைக் காய்ப்பேற வைத்துவிடுகிறான். அப்புறம் அவசியமான சமயத்தில் எவ்வளவு பலமாக இழுத்தாலும் அந்தக் குதிரை நிற்பதில்லை.

சந்தைக்கு வெளியே வந்தால் வேறொரு குதிரைச் சந்தை கண்ணில் படும். மரத்தடியிலும் வரப்போரத்திலும் வரிசை வரிசையாக ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும் நிற்கின்றன. கொங்கு நாட்டில் இன்று குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், தேங்காய் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும், மாமியார் வீட்டுக்கு மனைவியை அழைத்துப் போவதும் இந்த இரும்புக் குதிரைதான். இதற்கும் ஒரு கடிவாளம் உண்டு. அதன் பெயர் பிரேக். குதிரை விஷயத்தில் நம் பெரியவர்கள் கண்ட உண்மை இந்தக் கடிவாளத்துக்கும் அப்படியே பொருந்துகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பட்டறையில் ஒரு சம்பாஷணை

மெக்கானிக் பட்டறை எதிலும் அநேகமாகத் தினந்தோறும் கேட்கக்கூடிய பேச்சு இது:

"ஏனுங்க தம்பி, போன பொங்கலுக்குத்தான் புது பிரேக் ஷூ போட்டது. அதுக்குள்ளே தேஞ்சு போச்சுங்கறீங்களே?"

"அது தானாத் தேயலீங்கண்ணா. நீங்க தேச்சுப் போட்டீங்க!"

வேடிக்கையாகத் தோன்றினாலும் மெக்கானிக் சொன்னதில் சத்தியம் இருக்கிறது. தேய்வதுதான் பிரேக்கின் தொழில். தேயாத பிரேக் பிரேக்கே அல்ல. நடந்தால் செருப்பு தேயத்தான் செய்யும். ஆனால் காலை இழுத்து இழுத்து நடப்பவனுடைய செருப்பு மூன்று மாதத்தில் ஓட்டையாகிறது. எடுத்து வைத்து நடப்பவனுக்கோ அதே செருப்பு ஒரு வருஷம் உழைக்கிறது. பிரேக் கட்டைக்கு வெள்ளைக்காரர்கள் 'ஷூ' என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

ஸ்கூட்டர்களில் பிரேக் இரண்டு வகை. சக்கரத்தின் நடுவே உள்ள டிரம்முக்குள் பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் உட்புறச் சுவரை உராய்ந்து நிறுத்துவது ஒரு வகை. சக்கரத்துடன் சுழலும் இரும்புத் தட்டை, அதாவது டிஸ்க்கை, இருபுறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடிப்பது மற்றொரு வகை. சில வண்டிகளில் முன்னும் பின்னும் டிரம். சிலவற்றில் முன் சக்கரத்துக்கு டிஸ்க். எதுவானாலும் நடக்கும் காரியம் ஒன்றே: ஓட்டத்தின் சக்தி உராய்வினால் உஷ்ணமாக மாறுகிறது. வண்டி நிற்கிறது, பிரேக் சூடாகிறது, லைனிங் கொஞ்சம் தேய்கிறது.

நாலு லிட்டர் வெந்நீர்

இந்த உஷ்ணம் எவ்வளவு என்று சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் அதன் மேல் இருக்கும் இருவரும் சேர்ந்து 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் சக்தி சுமார் 33,000 ஜூல். 30 கிலோமீட்டர் வேகத்திலோ 8,000 ஜூலுக்குச் சற்று அதிகம். வேகம் பாதியாகக் குறைந்தால் சக்தி பாதியாகக் குறைவதில்லை. கால் பங்காகி விடுகிறது. ஆகவே பிரேக்கைப் பிடிக்கும்முன் வேகம் தானாகவே பாதியாகும்படி விட்டவனுக்கு, பிரேக் செய்யவேண்டிய வேலையில் முக்கால் பங்கு மிச்சம்!

பட்டணத்து வீதியில் இது போதும். மலைப்பாதையில் கதை வேறு. அதே வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கி வருவதாக வைத்துக்கொண்டால், அந்த உயரத்தினால் வரும் சக்தி சுமார் 11,76,000 ஜூல். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டியை 35 தடவை திடீரென்று நிறுத்துவதற்கு அது சமம். வேறு விதமாகச் சொன்னால், நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான உஷ்ணம். காற்றின் தடையும் டயரின் உராய்வும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. மீதி முழுவதையும் உள்ளங்கை அகலமுள்ள அந்தச் சிறு லைனிங்குகள்தான் தாங்கவேண்டும். அவற்றின் மேல் நமக்கு ஏன் கரிசனம் வேண்டும் என்பது இப்போது விளங்கும்.

செருப்புத் தைப்பவரும் ஒரு வீரப் பெண்மணியும்

மலையில் பிரேக் தேயும் கஷ்டத்தை முதன் முதலில் அனுபவித்து, அதற்குப் பரிகாரமும் கண்டவர் ஒரு ஸ்திரீ என்ற செய்தி நமது சகோதரிகளுக்குச் சந்தோஷம் அளிக்கும். ஜெர்மனியில் மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், கணவரிடம் சொல்லாமலே, தமது இரு புதல்வர்களுடன் அந்த மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைம் நகரத்திலிருந்து போர்ஸ்ஹைம் என்ற ஊரில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார் அந்த அம்மையார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். மேடும் பள்ளமுமான பாதை. சக்கரத்தை அழுத்தும் மரக் கட்டைகள் இறக்கத்தில் தேய்ந்து போயின. அம்மையார் வழியில் செருப்புத் தைக்கும் ஒருவரைக் கொண்டு அந்தக் கட்டைகளின் மேல் தோலை வைத்து அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங் என்ற பொருள் பிறந்தது அந்தப் பட்டறையில்தான் என்று கூறலாம்.

பிறகு 1897-ல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதைத் தொழிலாகவே ஆரம்பித்தார். மலை நாட்டுக் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலைப் பிரேக் கட்டையில் ஆணியடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தே அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். பிற்காலத்தில் உஷ்ணம் தாங்குவதற்காகக் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்து லைனிங் செய்தார்கள். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு என்று தெரிந்த பிறகு வேறு இழைகளும் பிசின்களும் உலோகத் தூள்களும் அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன.

நம் நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. சென்னையை அடுத்த பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா தோன்றியது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் தொடங்கியது. ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கவேண்டியிருந்த சரக்கு, தமிழ்த் தொழிலாளர்களின் கையால் தயாராகி அயல்நாட்டு வண்டிகளையும் நிறுத்துகிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் நல்ல சரக்கு கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தத் தெரியவேண்டும் அல்லவா?

விரல் செய்யும் விஷமம்

பிரேக் சீக்கிரம் தேய்வதற்கு முதற்காரணம் நமது விரல்கள். போக்குவரத்து மிகுந்த கடைவீதியில் போகும்போது பயத்தினால் லீவரை இலேசாக அழுத்திய வண்ணமே பலர் ஓட்டுகிறார்கள். லீவரின் மேல் விரலை வைத்திருப்பது ஜாக்கிரதை. அதை அழுத்திக்கொண்டே இருப்பது விரயம். வலது கை ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறது. இடது கை பிரேக்கைப் பிடிக்கிறது. பெட்ரோலும் போகிறது, லைனிங்கும் போகிறது. நீங்கள் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவரா என்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. பின்னால் வரும் நண்பர் ஒருவரிடம் உங்கள் வண்டியின் சிவப்பு விளக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். நேரான, காலியான சாலையிலும் அது எரிந்துகொண்டிருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் நமது கண். முன்னால் பத்து அடி தூரத்தை மட்டும் பார்த்து ஓட்டுகிறவன் நூறு தடவை பிரேக் பிடிக்கிறான். தூரத்தில் நாற்சந்தி தெரிகிறது, வேகத்தடை தெரிகிறது, பஸ் நிறுத்தத்தில் பஸ் ஒதுங்குகிறது. அப்போதே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் வண்டி தானாகவே தளர்ந்து வரும். கடைசியில் சிறிது பிரேக் போதும். பிரேக்கை நீண்ட நாள் உழைக்க வைப்பது பிரேக் பிடிக்கும் கை அல்ல, ஆக்ஸிலேட்டரை விடும் கை.

மூன்றாவது, ஒரே பிரேக்கையே நம்புவது. முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புறக் கவிழ்த்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் உபயோகிப்பவர்கள் பலர். உண்மையில், வண்டி நிற்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குச் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வலிமை முன் பிரேக்குக்கே அதிகம். நேரான பாதையில் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துவதே முறை. 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சி.சி. வரையுள்ள வண்டிகளில் ஒரு லீவரை அழுத்தினால் இரு சக்கரமும் பிடிக்கும்படியான அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்போ இருக்கவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பாரம் இரண்டுக்கும் பங்கானால் தேய்வும் பங்காகும்.

பர்கூர் மலையிலிருந்து இறங்கும்போது

அந்தியூரிலிருந்து வடக்கே போனால் வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பமாகிறது. வளைந்து வளைந்து ஏறித் தாமரைக்கரை வழியாகப் பர்கூர் சென்று, அப்பால் கர்நாடக எல்லையைத் தொடுகிறது அந்தச் சாலை. யானைகள் நடமாடும் காடு. ஒரு புறம் பாறை, மறு புறம் பள்ளம். விடுமுறை நாட்களில் இளைஞர்கள் ஸ்கூட்டரில் உற்சாகமாக ஏறிச் செல்கிறார்கள். ஏறுவதில் எஞ்சினுக்குச் சோதனை. இறங்குவதில் பிரேக்குக்குச் சோதனை.

இங்கேதான் நம்மவரின் சிக்கனபுத்தி சில சமயம் விபரீதமாக வேலை செய்கிறது. "இறக்கந்தானே! எஞ்சினை அணைத்துவிட்டால் பெட்ரோல் மிச்சமாகுமே!" என்று எண்ணுகிறார்கள். இதைப் போன்ற அபாயகரமான சிக்கனம் வேறொன்றுமில்லை. அரைமணி நேர இறக்கத்தில் இப்படி மிச்சமாவது ஒரு டம்ளர் பெட்ரோல்கூட இராது. அன்றியும், 2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலை அளந்து பீச்சும் கருவி உடையவை. அவற்றில் பலவற்றில், ஓடும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடுகிறது. ஆகவே மிச்சம் அநேகமாகப் பூஜ்யம். நஷ்டமோ, மூன்றாவது பிரேக்காக உதவும் எஞ்சினின் பிடிப்பு.

கியர் உள்ள வண்டியானால் தாழ்ந்த கியரில் இறங்கவேண்டும். நியூட்ரலில் ஒருபோதும் கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதில் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைக்கும் கிளட்ச், சுழலும் வேகத்தினால் தானே பிடிப்பது. வண்டி மிகவும் மெதுவாகிவிட்டால் அது தானாகவே விட்டுவிடும். உடனே வண்டி கட்டவிழ்ந்த கன்றுக்குட்டி போல் இறக்கத்தில் தாவ ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு துளி முறுக்கி விட்டால் கிளட்ச் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் தடை திரும்பக் கிடைக்கும். அப்படியும் இந்தத் தடை கியர் வண்டியில் கிடைக்கும் அளவுக்கு வராது. ஆகையால் கியர் இல்லாத வண்டியில் இருவராக இறங்குகிறவர்கள் ஆரம்பத்திலிருந்தே வேகத்தை வளரவிடலாகாது.

வளைவுக்கு முன்பே, நேரான பாதையில், உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு லீவரை முழுவதும் விட்டுவிடுங்கள். இலேசாகப் பிடித்தபடியே மைல் கணக்கில் இறங்கினால் லைனிங்குக்கு ஆறுவதற்கு அவகாசமே இல்லை. மிதமிஞ்சிச் சூடானால் அதிலுள்ள பிசின் கருகி ஆவி கக்கும், உராய்வு குறைந்துவிடும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. கருகல் நாற்றம் அடித்தால் அது எச்சரிக்கை. ஓரமான, சமதளமான இடத்தில் நிறுத்திக் கால்மணி அரைமணி நேரம் காற்றில் ஆறவிடுங்கள். தண்ணீரை ஊற்றிக் குளிர வைக்க முயலாதீர்கள். சிவக்கச் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும் என்று நமது இல்லத்தரசிகளுக்குத் தெரியும்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே தடையாக மாறி, இறக்கத்தின் சக்தியைப் பாட்டரியில் சேர்க்கும் ஏற்பாடு இவற்றில் பலவற்றில் உண்டு. லைனிங் நீண்ட நாள் வருவதற்கு இது பெரிய உதவி. ஆனால் மலை உச்சியில் பாட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், நிறைந்த குடத்தில் மேலும் நீர் கொள்ளாதது போல, அந்தத் தடை குறைந்துவிடும். சற்று இடம் விட்டு நிரப்புவதே நலம்.

வீட்டில் செய்யக்கூடியவை

மாதம் ஒரு முறை, எஞ்சின் அணைந்திருக்கும்போது வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றவேண்டும். கரகரவென்று உரசி நின்றால் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள், அல்லது துருப்பிடித்திருக்கும். டிரம் பிரேக் லீவரின் நுனியில் ஒன்று அல்லது இரண்டு செண்டிமீட்டர் சும்மா அசையும் இடம் பொதுவாக இருக்கவேண்டும். சரியான அளவு வண்டியுடன் வந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பீரோவின் அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டுவது நல்லது.

டிஸ்க் உள்ள வண்டியில், பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் ஊசிகளிலும் பிஸ்டனிலும் சேறு படிந்து இறுகினால், லீவரை விட்ட பிறகும் பேடு விலகாமல் உராயும். சர்வீஸின்போது அவற்றைச் சுத்தம் செய்து, அதற்கென்று உள்ள கிரீஸைத் தடவச் சொல்லவேண்டும். ஆனால் டிஸ்க்கின் மேலோ பேடின் மேலோ எண்ணெய்ப் பசை ஒரு சொட்டும் படக்கூடாது. வண்டியைப் பளபளப்பாக்கும் பாலிஷைத் தெளிக்கும்போது டிஸ்க்கிலும் தெளித்துவிட்டு, மறுநாள் நிற்காமல் போய் முட்டிக்கொண்டவர்கள் உண்டு. எண்ணெய் குடித்த லைனிங்கை மாற்றுவது ஒன்றே வழி.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. 'டாட் 4' என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும்; ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்குக்கூட இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் அது கொதித்தால் லீவர் பஞ்சு போல் அமுங்கும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அதை மாற்றிவிடுவது வழக்கம்.

டிரம்முக்குள் சேரும் கரியை வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ சுத்தம் செய்யலாகாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பத்திரம். புதுப் பேடு போட்டால் முதல் சில நாட்கள் மிதமாகப் பிடித்து ஓட்டுங்கள். புதுச் செருப்பு காலுக்குப் படிவது போல் அதுவும் படியவேண்டும்.

எங்கே சிக்கனம் கூடாது

இவ்வளவும் சொன்ன பிறகு மிக முக்கியமான விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பேடை நீண்ட நாள் காப்பாற்றுவது வேறு. காலாவதியான பேடைக் கட்டிக்கொண்டு அழுவது வேறு. பிரேக் பிடிக்கவேண்டிய இடத்தில் பேடு தேயுமே என்று தயங்கக்கூடாது. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும்போது கணக்குப் பார்க்கிறவன் மனிதனல்ல.

பல டிரம் பிரேக்குகளின் வெளிப்புறத்தில் ஓர் அம்புக்குறி உண்டு. லீவரை முழுவதும் அழுத்தும்போது அது எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது என்று பொருள். டிஸ்க் பேடிலோ தேய்வின் எல்லையைக் காட்டும் கோடு வெட்டியிருக்கும். அதையும் தாண்டி ஓட்டினால் லைனிங் போய் உள்ளே இருக்கும் தகடு டிஸ்க்கை அறுக்க ஆரம்பிக்கும். 'கிறீச்' என்ற அந்தச் சத்தம் கேட்கும்போது பேடின் விலையோடு டிஸ்க்கின் விலையும் சேர்ந்துவிட்டது. விலை மலிவு என்று பெயர் தெரியாத போலிச் சரக்கை வாங்குவதும் இதே ரகத்துச் சிக்கனம். மிச்சம் பிடிப்பது சில ரூபாய். பணயம் வைப்பதோ பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி மக்களை.

குதிரைச் சந்தைக்குத் திரும்பி வருவோம். நல்ல சவாரிக்காரன் கடிவாளத்தைத் தளர்வாக வைத்திருக்கிறான். ஆனால் கையை விட்டு நழுவ விடுவதில்லை. வழியை முன்கூட்டியே பார்க்கிறான். வேண்டிய இடத்தில் மட்டும் இழுக்கிறான். இழுத்தால் குதிரை நின்றே தீரும் என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்கிறது. அதே மாதிரி, வரட்டுப்பள்ளத்தைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கி வரும் ஸ்கூட்டர்க்காரர் பிரேக் ஆறியிருக்க, மனமும் ஆறியிருக்க, அந்தியூர்க் கடைவீதியில் குழந்தைக்கு ஒரு பொட்டலம் பொரி கடலை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரட்டும். பேடு எத்தனை மாதம் உழைத்தது என்ற கணக்கை அப்புறம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.